பரணுக்குக் கீழே எரியும் அடுப்பு

8 ஜூலை 1969

எழுந்ததும் அடுப்பைப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. அப்புறம் என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நானும்தான்.

இந்த நோட்டு என் பெண்டாட்டி விசாலத்தினுடையது. முதல் நான்கு பக்கம் புள்ளிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள். ஐந்தாம் பக்கத்திலிருந்து என் கிறுக்கல். பேச ஆள் இல்லாதவன் எழுதித்தான் தொலைக்க வேண்டும். சுவரோடு பேசினால் ஊர் ஒரு பெயர் வைக்கும். ஏற்கனவே வைத்த பெயர்களே எனக்குப் போதும்.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் வெயிலைத் தவிர வேறு விளைச்சல் கிடையாது. இங்கே அந்தமானில் அது ஒன்றுதான் விளையாது. மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பரில் விடும். நெல்லை மூட்டையில் கட்டி மூலையில் வைத்தால் பத்தாம் நாள் பூசணம், பதினைந்தாம் நாள் நாற்றங்கால். அதனால்தான் இந்தக் குடியேற்றத்தில் எல்லா வீட்டிலும் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். பரணில் நெல். கீழே எட்டு மாதம் அணையாத தீ. சமையல் அதற்கு உப தொழில்தான். சாப்பாட்டு நெல், விதை நெல் எல்லாம் அந்தப் பரணில்தான் இருக்கிறது. தீ அணைந்தால் அடுத்த வருஷம் வயலில் போட ஒன்றும் இருக்காது.

பதினோரு வருஷம் விசாலம் ஊதினாள். நெல்லுக்குச் சூடு, அவளுக்குப் புகை. ஏப்ரலில் போர்ட் பிளேர் டாக்டர், “இந்தப் புகையில் இன்னொரு மழைக்காலம் இந்த அம்மா தாங்காது” என்றார். அவள் தம்பி கப்பலேறி வந்து மெயின்லேண்டுக்குக் கூட்டிப் போய்விட்டான்.

இப்போது நான் ஊதுகிறேன். நாற்பத்தொன்பது வயதில் புது உத்தியோகம்.

11 ஜூலை

இன்று வீட்டுக்கு யாரும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. கூரை வழியாக.

15 ஜூலை

இந்தத் தீவில் மழைக்காலத்துத் தீக்குச்சி பல் குத்தத்தான் உதவும். உரசினால் மருந்து சேறாக உதிர்கிறது. எங்கள் வீட்டில் தீப்பெட்டி வாங்கியே பல வருஷம் இருக்கும். அடுப்புதான் அணைவதில்லையே. யார் வீட்டிலாவது அணைந்து போனால் பக்கத்து வீட்டில் கொட்டாங்குச்சியில் கங்கு வாங்கிக்கொள்வார்கள்.

அப்படித்தான் நீலாவதி வந்தாள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. ஊரில் நடப்பது எனக்கு முன்னால் தெரிகிற ஒரே ஆள் என்பதால் அவள்மேல் எனக்கு மரியாதையும் பொறாமையும் உண்டு.

“அண்ணே, கங்கு குடுங்க. எங்க வீட்டு மகராசன் தூங்கியே அணைச்சுப்புட்டாரு.”

நான் குனிந்து ஊதினேன். புகை நெஞ்சுக்குள் போனது. இருமல். நிற்கவில்லை. நீலாவதி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்படியே அண்ணி! அந்தக் கடைசி இழுப்பு இருக்கே, அச்சு அசல்!”

“இருமிக் காட்டலை நீலாவதி. நெசமாவே இருமுறேன்.”

சிரிப்பு நின்றது. கங்கை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

எழுதித்தான் ஆகவேண்டும். விசாலம் இருமுவதை நான் நடித்துக் காட்டுவேன். கல்யாண வீடு, காளி பூஜைப் பந்தல், படகுத் துறை, எங்கே நாலு பேர் கூடினாலும் “வேலு அண்ணே, இருமல் போடுங்க” என்பார்கள். முதலில் இரண்டு சின்னது, பிறகு ஒரு நீளம், அதன் வாலில் ஒரு “அம்மாடி”. பெங்காலி, தெலுங்கு, மலையாளம் எல்லா வீட்டாரும் சிரிப்பார்கள். பாஷை வேண்டாத நாடகம். விசாலமும் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். அதற்கு இன்னும் சிரிப்பார்கள்.

நல்ல கலைஞன் நான்.

22 ஜூலை

கடை ரேடியோவில் சொன்னார்கள், மனிதன் நிலாவில் இறங்கிவிட்டானாம். அங்கே மழையே கிடையாது என்று பக்கத்தில் நின்ற வாத்தியார் விளக்கினார். நெல் காயப்போட நல்ல இடம். கோழி, காக்கை தொந்தரவும் இருக்காது.

இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பிடம் சொன்னேன். அது பட்டென்று ஒரு பொறி விட்டது. சிரித்தது என்று வைத்துக்கொண்டேன்.

6 ஆகஸ்ட்

கடிதம் வந்தது. மைத்துனன் எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க எல்லோர் சௌக்கியமும். மாட்டின் சௌக்கியம் உட்பட. அடியில் விசாலத்தின் கையெழுத்தில் இரண்டு வரி:

“மூச்சு லேசாக வருகிறது. மாடிப்படி ஏறினேன். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அவளைத் துரத்தின அடுப்பு. அதையும் விசாரிக்கிறாள். என்னை விசாரிக்கவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. மூன்றாம் தடவை படித்தபோது, இரண்டும் ஒன்றுதானோ என்று பட்டது.

9 செப்டம்பர்

இந்த வருஷம் வேளாண்மை ஆபீஸில் கொடுத்த குட்டை நெல்லை ஒரு ஏக்கரில் போட்டிருந்தேன். பழைய நெல் மழை ஓய்கிற டிசம்பர் ஜனவரியில் விளையும். இது அவசரக்காரி. செப்டம்பரிலேயே, நட்ட நடு மழையில், “நான் ரெடி” என்று நிற்கிறாள். விளைச்சல் இரண்டு பங்கு. காயவைக்க வெயில் கால் பங்கு கூட இல்லை. மூன்று நாள் அறுத்து வீட்டுக்குள் விரித்தேன். கட்டில், பெஞ்சு, தரை எல்லாம் நெல். நான் அடுப்படியில் சுருண்டுகொண்டேன்.

12 செப்டம்பர்

ஃபீல்டு ஆபீசர் திருநாவுக்கரசு வந்தார். சின்ன வயசு, பெரிய குடை. படகில் ஒரு தகர டிரம் கொண்டுவந்தார். என் நெஞ்சு உயரம், மேலே அழுத்தி மூடும் மூடி. காற்று போகாது, ஈரம் போகாது, எலி போகாது. “நன்றாகக் காய்ந்த நெல்லை இதில் போட்டு மூடினால் எட்டு மாதம் அப்படியே இருக்கும். பரண் வேண்டாம், புகை வேண்டாம்” என்றார்.

புகை வேண்டாம்! அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஒழுங்காக ஏறவில்லை. ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் காட்டினார். “கடித்தால் கடக் என்று உடைய வேண்டும். நசுங்கினால் மூடாதீர்கள். மூடிய பின் ஒரு மாதம் திறக்காதீர்கள்.”

அவர் பார்க்கும்போது கடித்தேன். கடக். “பலே” என்றார்.

அது பரணிலிருந்து எடுத்த பழைய நெல். புது நெல்லை அவர் படகு ஏறிய பின் கடித்தேன். நசுங்கியது. இன்னும் நாலு நாள் அடுப்படியில் சூடு காட்டினேன். பிறகு கொஞ்சம்தான் நசுங்கியது. போதும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். (இந்தப் பத்தி நாலு நாள் கழித்து எழுதியது. மூடியைப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்தே எழுதுகிறேன். பாரமாவது இருக்கட்டும்.)

விசாலத்துக்குக் கடிதம் எழுதினேன். “பரணுக்கு விடை கொடுத்தாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டேன். வீட்டில் புகையே இல்லை. கிளம்பி வா.”

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பரணில் இன்னும் இரண்டு மூட்டை பழைய நெல் இருக்கிறதே. கடிதம் போய்ச் சேர்வதற்குள் உண்மையாகிவிடும் பொய் பொய்யா?

30 செப்டம்பர்

டிரம்மைத் தட்டினேன். நிறைந்த சத்தம். அடக்கமான பிள்ளை.

14 அக்டோபர்

அவள் கடிதம். இந்த முறை முழுக்க அவள் கையெழுத்து. நவம்பர் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கத் தம்பியிடம் சொல்லிவிட்டாளாம். “புகை இல்லாத நம் அடுப்படி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சுவரெல்லாம் கறுப்பாக இருக்குமே, சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.”

சுண்ணாம்பு அடித்தேன். மூக்கிலும் அடித்துக்கொண்டேன்.

16 அக்டோபர்

ஒரு மாதம் ஆயிற்று. டிரம்மைத் திறந்தேன்.

சூடு முகத்தில் அறைந்தது. புளித்த வாடை. கையை விட்டேன், உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாக முளை. கீழே கறுப்புக் கட்டி. ஒரு ஏக்கர் நெல்.

அந்த மனுஷர் சொன்ன பத்தில் ஒன்பதை விட்டுவிட்டு, ‘திறக்காதே’ என்ற ஒன்றை மட்டும் வேதவாக்காக வைத்திருந்தேன். தினம் தட்டிப் பார்த்தேனே. ஒரு தடவை தொட்டுப் பார்த்தேனா?

ஈர நெல்லை மூடி வைத்தால் அழுகும் என்பது கோழிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் மூடினேன். அவள் வரணும்னு மூடினேன்.

பன்றிக்குப் போட்டேன். பன்றி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

18 அக்டோபர்

டோங்கிப் படகில் லாங் ஐலண்டு போய்த் தந்தி கொடுத்தேன். வழியெல்லாம் யோசித்தேன், அவள் வந்தால் என்ன, சமாளிக்கலாம் என்று. புது வெள்ளை அடித்த அடுப்படியில் அதே புகை. “இன்னொரு மழைக்காலம் தாங்காது” என்றாரே.

தந்தி குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிப் படித்துக் காட்டினார். “டோண்ட் கம். லெட்டர் ஃபாலோஸ்.”

“காரணம் எதுவும் போட வேண்டாமா?” என்றார்.

என்ன போடுவது? ‘அடுப்பு அணையவில்லை, பொய் சொன்னேன்’ என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை ஆகும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அப்படியே அனுப்பச் சொன்னேன்.

பின்னால் வருகிறது என்று தந்தியில் சொன்ன கடிதத்தை இனிமேல்தான் எழுத வேண்டும்.

19 அக்டோபர்

நீலாவதிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. கடலில் மீனுக்கு எப்படி நீந்தத் தெரியும்?

வேலிக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. “வராதேன்னு தந்தி அடிச்சீங்களாமே? ஏண்ணே, காரணம் சொல்லாம வராதேன்னா, எந்தப் பொம்பளை என்ன நினைப்பா?”

“என்ன நினைப்பா?”

“வீட்டுல வேற ஆள் வந்தாச்சுன்னு நினைப்பா.”

“என் மூஞ்சிக்கா?”

“மூஞ்சியப் பாத்தா வராங்க? அஞ்சு ஏக்கரப் பாத்து வருவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணி பாவம்ணே. உங்க இருமல் கூத்துக்குச் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயி அழுவாங்க. எங்கிட்டச் சொல்லிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது.

வேலிப்பக்கம் போகாமல் இருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து உண்மையெல்லாம் எழுதினேன், நாலு பக்கம். தந்திக் காரணம், டிரம், பழைய நெல்லைக் கடித்தது. இருமல் பற்றி எழுதப் பேனா வரவில்லை. பேனாவை மூடி, எழுதின வரைக்கும் தபாலில் சேர்த்தேன்.

9 நவம்பர்

இந்தக் கப்பலில்தான் அவள் வருவதாக இருந்தது. கப்பல் வந்து, தபால் மூட்டை படகேறி லாங் ஐலண்டும் வந்தாயிற்று. எனக்குக் கடிதம் இல்லை. மைத்துனன் மாட்டின் சௌக்கியமாவது எழுதியிருக்கலாம்.

15 நவம்பர்

லாங் ஐலண்டு மர மில்லில் ஃபிட்டர் ஒருவர், பெயர் உதயசூரியன். எட்டு மாதம் சூரியனைப் பார்க்காத ஊருக்கு ஒரே உதயசூரியன், அவரும் மில் ஷெட்டுக்குள் இருக்கிறார். இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. எல்லோரும் அதையே சொல்கிறார்களாம்.

அழுகின நெல் கதையைச் சொன்னேன். அதற்குச் சிரித்தார்.

“டிரம் மேல தப்பில்லண்ணே. காயாத நெல்லுக்கு எந்த டிரம்மும் பாடைதான். முதல்ல வீட்டுக்கு வெளிய வெச்சுக் காயவைக்க வழி பாருங்க. புகை ஒரு பக்கம் போகணும், சூடு ஒரு பக்கம் வரணும்.”

கரியால் தரையில் படம் போட்டார். பழைய எண்ணெய் டிரம் இரண்டைப் படுக்க வைத்து ஒன்றாகப் பற்றவைப்பது. ஒரு வாயில் தீ, மறு வாயில் கூரைக்கு மேல் நீட்டின குழாய். புகை குழாய் வழியே வெளியே. சுற்றி இடுப்பு உயரம் மண் சுவர், மேலே மூங்கில் தட்டி, தட்டியில் பாய், பாயில் நெல். டிரம்மின் சூடு மட்டும் நெல்லுக்கு ஏறும்.

பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு வருஷமாக அவள் நெஞ்சு வழியாகப் போன புகைக்கு ஒரு குழாய் போதுமாக இருந்திருக்கிறது.

கூலிக்கு இரண்டு சேவல் கேட்டார். மூன்று கொடுத்தேன்.

27 நவம்பர்

சுவர் எழுப்ப நிபாரண் தாதா வந்தார்; தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர், ஆற்றங்கரைக்காரர், மண்ணை அவர் தொட்டால் அது சொன்னபடி கேட்கும். “க்யா பனாதா ஹை வேலு பாய், மந்திர்?” என்றார். கோயில் கட்டுகிறேனா என்று கேள்வி. ஆமாம், புகை அம்மனுக்கு என்றேன்.

இன்று முதல் தீ. மற்ற வயலில் முந்திப் பழுத்த பழைய ரக நெல்லில் ஒரு மூட்டை அறுத்துப் பரப்பி, நல்ல காட்டு விறகாக வைத்துத் தள்ளினேன். மதியத்துக்குள் கடித்தால் கடக். ஆடாத குறைதான். உரலில் போட்டுக் குத்தினால் முழு அரிசி ஒன்று இல்லை, எல்லாம் நொய். நூறு நெல்லை ஈரச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன், முளைக்கிறதா பார்க்க.

2 டிசம்பர்

நூற்றில் இரண்டு முளைத்தது. நான் நெல்லைக் காயவைக்கவில்லை, தகனம் செய்திருக்கிறேன்.

இந்தக் கப்பலிலும் கடிதம் இல்லை.

4 டிசம்பர்

உதயசூரியன் மில்லில் லீவு போட்டுவிட்டு எனக்காக வந்தார். கூடவே படகு நிறைய மரத்தூள், மில்லில் மலை மாதிரி கிடப்பது. மண்ணெண்ணெய்த் தகரத்தின் நடுவே ஒரு கம்பை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, கம்பை உருவினார். நடுவில் ஓட்டை. கொட்டாங்குச்சியில் வீட்டுக் கங்கைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். தீ தெரியவே இல்லை. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கிறது, மாமியார் கோபம் மாதிரி. ஒரு தகரம் அரை நாள் வருகிறது.

டிரம் மேல் கை வைத்தால் பொறுக்கிற சூடு. நெல்லை மணிக்கொரு தரம் கிளறச் சொன்னார். இரண்டு நாள் ஆகுமாம்.

“ரெண்டு நாளா?”

“உங்களுக்கு என்ன அவசரம்? கப்பலா பிடிக்கணும்?”

நெல்லைக் கிளறினேன்.

8 டிசம்பர்

இந்த முறை நான் கடிக்கவில்லை. என் பல்லை நான் நம்புவதில்லை. ஊரைக் கடிக்கச் சொன்னேன். நீலாவதி கடித்தாள், “கடக்!” அவள் புருஷன் கடித்தான். நிபாரண் தாதாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டுதான், மெனக்கெட்டு அங்கே தள்ளிக் கடித்து, “ஏக்தம் சூகா!” என்றார். சுத்தமாகக் காய்ந்ததாம். திருநாவுக்கரசுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, அவரையும் கடிக்கச் சொன்னேன்.

“இது பரண் நெல் இல்லையே?” என்றார்.

ஐயோ, அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவருக்கு.

டிரம்மில் போட்டு மூடினேன். இந்த முறை மேலே ஏறி உட்காரவில்லை.

நீலாவதி இதற்கு நெல் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டாள். நாளை அவள் வீட்டு நெல் அட்மிஷன்.

14 ஜனவரி 1970

பொங்கல். டிரம் நெல்லைக் குத்தி வைத்தேன். முழு முழு அரிசி. பொங்கி வழிந்ததும் கூவ ஆள் இல்லை. நானே கூவினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீலாவதி பதிலுக்குக் கூவினாள். நல்லவள்.

பத்து நெல்லைச் சின்னத் துணியில் பொட்டலம் கட்டித் தைத்து, கடிதத்தோடு வைத்தேன். “கடித்துப் பார்” என்று ஒரு வரி. அப்புறம் பேனா தயங்கியது. பிறகு எழுதினேன்: “நான் இருமிக் காட்டி ஒன்பது மாதம் ஆகிறது. இனிமேல் இல்லை. நீ அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.”

வேடிக்கையாக எதுவும் எழுதவில்லை. கடிதம் என் கடிதம் மாதிரியே இல்லை. ஒட்டிவிட்டேன்.

3 பிப்ரவரி

கப்பல். இல்லை.

22 பிப்ரவரி

வந்தது! அப்படியே வைக்கிறேன் இங்கே:

“ஒன்றைக் கடித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மிச்சம் ஒன்பதை ஈரத்துணியில் வைத்தேன். எட்டு முளைத்தது. முளைக்காத ஒன்று உங்கள் கைராசி.

தந்தி வந்த அன்று நான் பெட்டி கட்டி முடித்திருந்தேன். அவிழ்த்தேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

வெயில் காலத்தில் எல்லா நெல்லும் நல்ல நெல்தான், எல்லா ஆம்பிளையும் யோக்கியன்தான். மழை பிடிக்கட்டும். ஒரு மாதம் மழை அடித்த பிறகு டிரம்மைத் திறந்து, பத்து நெல் அனுப்புங்கள். பார்க்கலாம்.”

ஊர் முழுக்க என்னைச் சிரிப்புக்காரன் என்கிறது. வீட்டில் யார் சிரிப்புக்காரி என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது. நான் பேசி முடித்தால்தானே அவள் பேச?

19 மே

மழை பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மழைக்காகக் காத்திருந்தேன்.

பரண் காலி. நெல் எல்லாம் டிரம்மில் இருக்கிறது. அடுப்பை இனிமேல் அணைக்கலாம். மூன்று தடவை தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். மனசு வரவில்லை. வீட்டில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். எரியட்டும். ஆள் துணைக்கு.

20 ஜூன்

திறந்தேன். கையை விட்டேன். ஜில்லென்று, சலசலவென்று, காய்ந்த நெல். முழங்கை வரை விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பார்த்தவர்கள் என் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்திருப்பார்கள்.

பத்து எண்ணி வைத்துத் தைத்தேன். கடிதம் வைக்கவில்லை.

ஊரில் ஆறு வீட்டில் இப்போது டிரம். நீலாவதி பரணைப் பிரித்துக் கோழிக்கூடு செய்துவிட்டாள். கங்கை நெல் ஆஸ்பத்திரியிலேயே அள்ளிக்கொள்கிறார்கள், வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் நாளுக்கு ஒருவராவது கொட்டாங்குச்சியோடு வந்து, நின்று, நாலு வார்த்தை பேசிப் போவார்கள். அதுவும் போயிற்று. நன்மை செய்யக் கிளம்பினால் கூடவே இப்படியும் ஒன்று வரும் போலிருக்கிறது.

11 ஜூலை

தந்தி. எனக்கு. வாத்தியார் படித்துச் சொன்னார்: “கமிங். நோ லெட்டர் ஃபாலோஸ்.”

வாத்தியாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

27 ஜூலை

லாங் ஐலண்டு படகுத் துறை. பாதி ஊர் வந்திருந்தது, விசாலத்தைப் பார்க்க என்று சொன்னார்கள், என்னைப் பார்க்கத்தான். படகிலிருந்து நிபாரண் தாதா கை கொடுத்து இறக்கினார். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இப்படிக் கறுத்துட்டீங்க?”

“புகை.”

கடல் காற்றோ என்னவோ, அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வந்தது. இரண்டு சின்னது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, “என்ன, இருமிக் காட்டலையா?” என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அப்ப பெட்டியத் தூக்குங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து முதலில் அண்ணாந்து காலிப் பரணைப் பார்த்தாள். பிறகு கீழே எரிகிற அடுப்பைப் பார்த்தாள்.

“இது எதுக்கு எரியுது?”

துணைக்கு என்று எப்படிச் சொல்வது? பெட்டியை இறக்கி வைத்தேன். சமைத்தாள், சாப்பிட்டோம். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நிதானமாக அடுப்பில் ஊற்றினாள். சொய்யென்று சத்தம். பதினோரு வருஷத்துப் பகை.

28 ஜூலை

காலையில் எழுந்ததும் வழக்கம்போல் அடுப்பைப் பார்த்தேன். சாம்பல்.

“தீப்பெட்டி எங்கங்க?” என்றாள்.

இருவரும் தேடினோம். தகரப் பெட்டி, பரண், அவள் கோலப் பொடி டப்பா. நம் வீட்டில் தீப்பெட்டி ஏது? கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு நீலாவதி வீட்டுக்குப் போனேன். “எங்க அடுப்பும் அணைஞ்சு கிடக்குண்ணே, நானே உங்க வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்” என்றாள். இரண்டு பேரும் நிபாரண் தாதா வீட்டுக்குப் போனோம். அங்கேயும் சாம்பல். ஆஸ்பத்திரியில் நோயாளி இல்லாததால் அங்கேயும் கங்கு இல்லை. மழையில் மூன்று பேர் கொட்டாங்குச்சியோடு நின்று சிரித்தோம். கடையில் தீப்பெட்டி வாங்கினால் பதினாறு குச்சி சேறு. பதினேழாவது பிடித்தது.

காப்பி குடிக்க மணி பத்தாகிவிட்டது.

மிச்சக் குச்சிகளோடு தீப்பெட்டியை அவள் நெல் டிரம்முக்குள் வைத்து மூடியிருக்கிறாள். அங்கேதான் ஈரம் போகாது என்கிறாள். இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை.

இன்று ஒரு தடவை இருமினாள். நோட்டைக் கேட்கிறாள், மிச்சப் பக்கத்தில் கோலம் போட.